விருந்துக்கு வந்த தீவு

நாரைத்தீவு எங்கள் ஊருக்கு வந்தது ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை, கோவில்பட்டிக்குப் போகும் முதல் பஸ் இன்னும் ஹாரன் அடிக்காத நேரத்தில். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பஸ் மாற வேண்டிய சுரைக்குளத்தில், காய்ந்து வெடித்துக் கிடந்த ஊர்க் கண்மாய்க்குள், தன் மணலோடும் மரங்களோடும், நாரைகளோடும் ஆமைகளோடும், மான்களோடும் நண்டுகளோடும், அதெல்லாம் போதாதென்று தன்னைச் சுற்றி இடுப்பளவு ஆழத்துக்குக் கடலையும் கூட்டிக்கொண்டு அது வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க, வாங்க, எப்ப வந்தீக?" என்று கேட்டுவிட்டு, ஊருக்குள் வந்து சொன்னார். யாரும் அலறவில்லை. வந்தவர்களைப் பார்த்து அலறுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

"செண்பகம் மதினி கூப்பிட்டாகல்ல, அதான் வந்திருக்கு" என்று தெருவே சொன்னது. உண்மையும் அதுதான்.

செண்பகவல்லி எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவள். கல்யாணமாகி வந்த மறுநாள் கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்தவள், தீபாவளிக்கும் எழுந்ததில்லை, ஏனென்றால் தீபாவளிக்குத்தான் எல்லார் வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள், எல்லாருக்கும் மாவு வேண்டும். அவள் புருஷன் நல்லசிவம் அண்ணாச்சி லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். நல்ல மனிதர், ஒரு வாளிக்கு மேல் தண்ணீரைப் பார்த்தால் மட்டும் பயம். நான் பூரணி. அவள் கடைக்கு எதிரே ஜாக்கெட் தைக்கிறேன். ஆகவே அவளைப் பற்றி அண்ணாச்சியைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

பல வருஷத்துக்கு முன்னால், கடற்கரைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து, எல்லாரும் வேனில் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், செண்பகம் மட்டும் கை கழுவின ஈரத்தோடு கரைக்குப் போய் நின்றாள். எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், நாரைத்தீவு. மரம் தெரியாத அளவுக்கு வெள்ளைப் பறவைகள். கரையோரத்தில் ஏதோ ஒன்று முதுகைக் காட்டிப் புரண்டு முங்கியது. "ஏறுங்கக்கா, ஒரு எட்டுல போயிட்டு வந்துரலாம்" என்று படகுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து வேன் ஹாரன் அடித்தது. செண்பகத்துக்கு அப்படியே திரும்பி வர மனசு வரவில்லை. ஒருவர் வீட்டு வாசல்வரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பினால் என்ன சொல்ல வேண்டுமோ அதைத் தீவைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு நாள் கண்டிப்பா வாரேன். நீங்களும் ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க. வரணும், என்ன?"

இதை நாங்கள் எல்லாரிடமும் சொல்வோம். பஸ் கண்டக்டரிடம் சொல்வோம், ஊசி போட்ட நர்சம்மாவிடம் சொல்வோம், கரண்டை வெட்ட வந்த லைன்மேனிடம், வெட்டி முடித்த பிறகு சொல்வோம். சொல்கிறவர்கள் யாரும் வருவார்கள் என்று நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் வருவதில்லை, இரண்டு பக்கமும் சந்தோஷமாகக் கலைந்து போவோம். இதெல்லாம் தீவுக்கு எப்படித் தெரியும்?

செண்பகம் திரும்பி வந்து சொன்ன சொல்லில் தெருவுக்கே ஆசை பிடித்துக்கொண்டது. பயணக் கமிட்டி போட்டோம். ரிட்டயரான பி.டி. வாத்தியார் தங்கப்பழம் சார் தலைவர், விசில் அவரிடம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கமிட்டி கூடும். வேன் எத்தனை மணிக்கு, ஆமை பார்ப்பது காலையிலா சாயங்காலமா, புளிசாதமா எலுமிச்சை சாதமா, புளிசாதத்தைப் பார்த்தால் நாரை பறந்து வருமா வராதா, ஜன்னலோரம் வாந்தி எடுப்பவர்களுக்கா சும்மா வேடிக்கை பார்ப்பவர்களுக்கா என்று விடிய விடியப் பேசுவோம். பேசி முடித்து நாள் குறிக்கிற கட்டத்தில் முப்பிடாதியம்மன் குறுக்கே வந்து நிற்பாள்.

சித்திரைப் பொங்கலுக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிற எந்த உயிரும் எட்டாம் நாள் பொங்கல் முடிகிறவரை ஊரைவிட்டு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் போனாலும் விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். கட்டும்போது வெளியூரில் இருப்பவர்களுக்குக் கட்டு இல்லை, அவர்கள் பாடு அவர்களோடு. திருவிழாவுக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, திருவிழா முடிந்தால் ஊரெல்லாம் கல்யாணம். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார் நல்லசிவம் அண்ணாச்சி, கப்பல் கவிழாமல் தப்பித்தவர் போன்ற முகத்தோடு. இப்படியே அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போக, பயணத்துக்கென்று செண்பகம் தைக்கக் கொடுத்த ஊதா ஜாக்கெட்டை, அவள் போடாமலேயே, வருஷம் ஒரு தடவை நான் தையல் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை அப்படிப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அப்படி என்ன மதினி இருக்கு அந்தத் தீவுல?"

"தீவுல என்ன இருந்தா என்ன, பூரணி" என்றாள். "நான் பொறந்ததுல இருந்து எல்லாரையும் வாங்க வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். வந்தவுக கால் கழுவத் தண்ணி குடுத்தா, 'எதுக்கு இதெல்லாம்'னு கூச்சமாச் சொல்லுவாகல்ல? அதை நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு இடத்துல போய் நின்னு சொல்லணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் ஊசி கையில் குத்திவிட்டது.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலுக்குத் தீவே வந்து நின்றால் என்ன செய்வாள்? கிரைண்டரை நிறுத்திவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு கண்மாய்க்கு ஓடினாள். தீவின் கரையோரத்து மணலில் தண்ணீரை ஊற்றி, "வாங்க" என்றாள். உடனே திரும்பிவிட்டாள், ஏனென்றால் உளுந்து பொங்கிக்கொண்டிருந்தது.

தீவு எங்களோடு ஒட்டிக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. நாரைகள் கோவில் கோபுரத்திலும் செல்போன் டவரிலும் ஒற்றைக் காலில் நின்றன, டவர்க்காரர்கள் வந்து பார்த்து, சிக்னல் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்கள். நண்டுகள் விடியற்காலையில் தெருவைக் கடக்கும் என்று தெரிந்ததும் பெண்கள் அவை கடந்துபோன பிறகு கோலம் போடப் பழகிக்கொண்டார்கள். ஆமைகள் ரேஷன் கடை நிழலில் வந்து படுத்தன, வரிசை அவற்றுக்குப் பின்னால் நின்றது, ஆமை நகர்ந்தால் வரிசையும் நகர்ந்தது. தீவின் மான்களும் எங்கள் ஆடுகளும் ஒருநாள் முறைத்துக்கொண்டு, மறுநாள் ஒரே வேப்பங்குழைக்குச் சேர்ந்து எட்டின. ஆழமான பக்கத்தில் கிடந்த கடற்பசுவுக்கு, பேரில் பசு இருக்கிறதே என்று, வெள்ளிக்கிழமை தவறாமல் அகத்திக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுவும் மறுக்காமல் வாங்கித் தின்றது. தாலுகா ஆபீசிலிருந்து வந்த இரண்டு பேர், இந்தத் தீவு எந்த கிராமத்துக் கணக்கில் வரும் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு, "நீங்களும் ஒரு நாள் ஆபீஸ் பக்கம் வாங்க" என்று தீவிடம் சொல்ல வாயெடுத்து, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனால் தீவு வந்த வீட்டில் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? சாத்தூரில் இருந்தும் சங்கரன்கோவிலில் இருந்தும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர், பத்துப் பேருக்கும் காலையில் இட்லி, ராத்திரி தோசை. செண்பகம் கடையின் இரண்டு கிரைண்டர்களும் ஓய்வில்லாமல் ஓடின. தெருக் குழாயில் லேசாக உப்புக் கரித்தது, அவள் மாவில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டாள், இட்லி முன்னைவிட ருசியாக இருந்தது, அதனால் கூட்டம் இன்னும் கூடியது. ஊரே தீவைப் பார்த்து முடித்துவிட்டது. அதைக் கூப்பிட்டவள் முதல் நாள் செம்பு எடுத்துக்கொண்டு போனதோடு சரி.

அந்த வாரத்திலேயே கமிட்டி கூடி, அந்த வருஷத்துக்குப் பேசி வைத்திருந்த வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. "இனிமே எதுக்கு வேன்? அதான் வந்துட்டுல்லா" என்றார் தங்கப்பழம் சார். எல்லாரும் கை தட்டினோம். செண்பகம் கை தட்டவில்லை. நான் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம், "கடையை நான் பார்த்துக்கிடுதேன், ஒரு எட்டு போயிட்டு வாங்க மதினி" என்று வலுக்கட்டாயமாக அனுப்பினேன். போனாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தீவின் மணலில் ஒரு கால் வைத்தாள். அவ்வளவுதான், கரையில் இருந்து யாரோ கத்தினார்கள்: "செண்பகக்கா! மாவு ரெண்டு கிலோ வேணும், விருந்தாளி வந்திருக்காக!" அந்தக் காலை எடுத்துவிட்டாள். கடைக்கு வந்து தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம கண்மாய்க்குள்ளல்லா நிக்கி, பூரணி. இங்கயும் நான்தானே வாங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு." அவள் பல வருஷமாகப் போக ஆசைப்பட்ட ஒரே இடம் அவள் ஊராகிவிட்டது. இனி அவள் எங்கே போவாள்?

இதற்கிடையில் சித்திரை வெயில் தன் வேலையைக் காட்டியது. இடுப்பளவு கடல் தொடையளவாகி, முழங்காலளவாகியது. கடற்பசுவின் முதுகு வெளியே தெரிந்தது, ஆட்கள் மாறி மாறி ஈரச் சாக்குப் போட்டார்கள். ரேஷன் கடை நிழலில் ஆமைகள் எல்லாம் கிழக்கே பார்த்துத் திரும்பிப் படுத்தன. பூசாரி இருளப்பன் ஒருநாள் கண்மாய்க் கரையில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, எல்லாருக்கும் தெரிந்து யாரும் சொல்லாமல் இருந்ததைச் சொன்னார்.

"வார செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டுதேன். தீவும் ஊருக்குள்ளதானே இருக்கு. கட்டிட்டா அதுவும் எட்டு நாளைக்கு நகரக் கூடாது. நான் என்ன செய்ய முடியும், அம்மா சொன்ன முறை."

எட்டு நாள் கழித்து அங்கே கடல் இருக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால், வந்த விருந்தாளியிடம் போய், "நீங்க எப்பக் கிளம்புதீக?" என்று கேட்கிற வாய் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. கேட்பதற்கு ஆள் தேடினோம். தங்கப்பழம் சார் தண்டவாளத்தில் தலை வைக்கச் சொன்னாலும் வைப்பேன், இதைச் செய்யமாட்டேன் என்றார்.

கேட்கவே தேவையில்லை என்று கண்டுபிடித்தது செண்பகம்தான். விடியுமுன் கடை திறக்கிறவள் அவள். ஒரு விடியலில் ஷட்டரைத் தூக்கும்போது பார்த்தாள்: நாரைகள் எல்லாம் டவரை விட்டுப் பறந்துபோய்த் தீவின் மரங்களில் அமர்ந்தன, நண்டுகள் வரிசையாகத் திரும்பிப் போயின, மான்கள் ஆடுகளிடம் இருந்து விலகி நடந்தன, ஆமைகள்கூட ஒரு அவசரத்தோடு போய்க்கொண்டிருந்தன, எல்லாம் ஏறி முடிந்ததும் தீவு ஒருமுறை லேசாகச் சிலிர்த்து எழுந்தது. அப்போது பால்காரர் அந்தப் பக்கமாக சைக்கிளில் போனவர், போகிற போக்கில், "என்ன, அதுக்குள்ளயா கிளம்பியாச்சு? இருந்துட்டுப் போகலாம்ல!" என்றார். தீவு சற்று யோசித்தது. பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் அதேதான், அன்றைக்கு ஓட்டப் பயிற்சிக்குப் போன தங்கப்பழம் சார்: "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறது!" மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

செண்பகம் கடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் கோவிலுக்கு வந்து ஊரைக் கூட்டினாள்.

"அது போகமாட்டேங்கலை. நாமதான் விடமாட்டேங்கோம்" என்றாள். "இருங்க இருங்கன்னு நாம சும்மா சொல்லுதோம். அது நிசம்னு நெனைக்கி. வாங்கன்னு சொன்னேன், வந்துச்சு. இருங்கன்னு சொல்லுதீக, இருக்கு. அதுக்குப் பொய்யா உபசரிக்கத் தெரியாது."

பால்காரர் தன் சைக்கிளை மெல்லக் கோவில் தூணுக்குப் பின்னால் நகர்த்தினார்.

செவ்வாய்க்கிழமைக்கு வடக்கேதான் சூலம், கடல் கிழக்கே, அதனால் பாதகமில்லை. மத்தியானம் ராகுகாலத்துக்கு முன்னால் அனுப்பிவிடுவது, அது கிளம்பும்போது ஒருவரும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. எங்கள் வாயைப் பற்றி எங்களுக்கே சந்தேகம் இருந்ததால் ஒரு ஒத்திகை பார்த்தோம். தங்கப்பழம் சார் தீவாக இருக்கச் சம்மதித்து, கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, "சரி, அப்ப நான் வாரேன்" என்று எழுந்தார்.

"அதுக்குள்ளயா சார்?" என்றார் நல்லசிவம் அண்ணாச்சி. பூசாரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு குரல் கேட்டது, அது என் குரல்.

இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். சார் எழுந்தார், "வாரேன்" என்றார், ஒருவரும் பேசவில்லை. நாலு அடி நடந்தார், திரும்பிப் பார்த்தார், இன்னும் ஒருவரும் பேசவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரு மனுசன் கிளம்புதேன்னு சொல்லுதான், இருங்கன்னு சொல்ல நாதியில்லையா இந்த ஊர்ல? முப்பது வருசம் உங்க பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் குடுத்திருக்கேன்!" என்றார். நிஜமாகவே கோபித்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் ஓடிப்போய் அவரைப் பிடித்து உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தோம். சரியாக அரை மணி நேரம் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

"பார்த்தீகளா?" என்றாள் செண்பகம். "பேசுனா போகாது. பேசாட்டா மனசு நொந்து போகும். அதனால, வாயை மூடிக்கிடுவோம், ஆனா கொண்டுவிட ஒரு ஆளைக் கூட அனுப்புவோம். மொதத் தடவையா வந்தவுகளைத் தனியா அனுப்புத வழக்கம் நமக்கு உண்டுமா?"

இல்லைதான். புதுப்பெண்ணையும் பிள்ளைத்தாச்சியையும் முதல் தடவை வந்த சம்பந்தியையும் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவோம். யார் போவது? பூசாரி போக முடியாது. சாருக்குத் திருவிழா ஊர்வலத்தில் விசில் ஊத வேண்டும். மற்றப் பெண்களுக்கெல்லாம் வீட்டில் முளைப்பாரி. தீவைக் கொண்டுவிடப் போகும் தைரியமும் எல்லாருக்கும் வராது, இல்லையா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரி வேறு வழியில்லை என்பவளைப் போல, "அப்ப நானே போயிட்டு வாரேன்" என்றாள் செண்பகம். அன்றைக்கு ராத்திரி ஊதா ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் ஓரத்தில் இருந்த கடைசித் தையலையும் பிரித்துக் கொடுத்தேன்.

எங்கள் வாய்களுக்கு அவளே வழி செய்தாள். தேங்காயைத் துருவி, வெல்லப்பாகைக் கெட்டிப் பதத்தில் இறக்கி, ஒரு அண்டா நிறையக் கமர்கட் உருட்டினாள். வழக்கமான கமர்கட் இல்லை, எலுமிச்சம்பழ அளவு. ஒன்றை உள்ளே தள்ளினால் கன்னம் புடைத்து, நாக்கு நகர இடமில்லாமல் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊரே கண்மாய்க் கரையில் நின்றது, ஒவ்வொரு வாயிலும் ஒரு கமர்கட்டோடு. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்த தாம்பாளத்தைச் செண்பகம் எடுத்துக்கொண்டாள். வழிக்குப் பசிக்குமே என்று யாரோ வைத்த இட்லிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. கணுக்கால் அளவே மிச்சம் இருந்த கடலுக்குள் நடந்து, மணலில் ஏறி, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஊதா ஜாக்கெட் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது.

நல்லசிவம் அண்ணாச்சி அப்போதுதான் அந்தப் பையைச் சரியாகப் பார்த்தார். கொண்டுவிட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடிக்கிறவள் தூக்குகிற பை இல்லை அது. ஜிப் போட முடியாமல், மடித்த சேலைகளின் ஓரம் வெளியே தெரிந்தது, ஒன்றல்ல, இரண்டல்ல. அவர் கண் பையில் இருந்து பூசாரி கையில் இருந்த மஞ்சள் காப்புக் கயிற்றுக்குப் போனது, கயிற்றில் இருந்து சூரியனுக்குப் போனது, திரும்ப அவள் முகத்துக்கு வந்தது. சாயங்காலம் காப்புக் கட்டும்போது அவள் ஊருக்குள் இருக்கமாட்டாள். கட்டு அவளைத் தொடாது. கமிட்டி போட்டு வருஷக்கணக்காக நாங்கள் முட்டிக்கொண்ட சுவரில், ஒருத்தி சத்தமில்லாமல் கதவு கண்டுபிடித்திருக்கிறாள்.

அவருக்கு 'இரு' என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். வாயைத் திறக்கப் பார்த்தார், கமர்கட் அசையவில்லை. கன்னம் சிவந்து, கண் பிதுங்கி, கையை மட்டும் தூக்கினார்.

செண்பகம் பார்த்துவிட்டாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் கொஞ்சம் தண்ணீரும்.

"உளுந்தை நாலு மணிக்கே ஊறப் போட்டுருங்க" என்றாள் சத்தமாக. "இனிமே மாவுல உப்புப் போடணும். மறந்துராதீக!"

தங்கப்பழம் சார் மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு கையை அசைத்தார், விசில் ஊத வாய் இல்லாததால். நாரைகள் மரங்களில் அமர்ந்தன. நண்டுகள் உள்ளே போயின. தீவு சிலிர்த்தது, எழுந்தது, பழைய பழக்கத்தில் ஒரு நிமிஷம் எங்களுக்காகக் காத்திருந்தது. நாங்கள் மென்றுகொண்டே இருந்தோம். அப்புறம் அது நகர ஆரம்பித்தது. தண்ணீர் வற்றிப்போன ஓடை வழியாகக் கிழக்கே, மிச்சமிருந்த கடலைப் பாவாடையாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் ஒருவர் இறங்க வேண்டும் என்றால் மற்றவர்கள் முழங்காலை ஒடுக்கிக்கொள்வார்களே, அப்படி இரண்டு பக்கமும் பனைமரங்கள் ஒதுங்கி வழிவிட, அது போனது. ஊதாப் புள்ளி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம். கமர்கட் கரைந்து நல்லசிவம் அண்ணாச்சி வாயில் இருந்து 'இரு' வெளியே வந்தபோது, அதைக் கேட்க அங்கே ஆடுகள்தான் இருந்தன.

சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். கொட்டுச் சத்தம் அடங்கியதும் அண்ணாச்சி பூசாரியிடம் போய், "அவளுக்கு?" என்று கேட்டார். "அவுகளுக்கு எந்தக் கட்டும் இல்லண்ணாச்சி" என்றார் பூசாரி. அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் இட்லியில் உப்புக் கூடிப் போயிருந்தது. வேண்டுமென்றே போட்டாரோ, கைத்தவறோ, தெரியாது.

அங்கே நடந்ததைச் செண்பகம் திருவிழா முடிந்து வந்து என்னிடம் சொன்னாள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தீவு கடலுக்குப் போய்ச் சேர்ந்ததாம். தன் பழைய இடத்தில் அசைந்து அசைந்து சரியாக உட்கார்ந்ததாம். கடற்பசு ஒருமுறை முதுகைக் காட்டிவிட்டு முங்கியதாம், ஆமைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போயினவாம். கொண்டுவந்து விட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று தெரியாமல் இவள் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டிலோ வாசலில் நிற்பது மாதிரி மணலில் கூச்சத்தோடு நின்றிருக்கிறாள். அப்புறம் கடலில் இருந்து ஒரு அலை, அவசரப்படாமல், நேராக அவளைப் பார்த்து வந்து, இரண்டு பாதங்களிலும் ஏறி, கழுவிவிட்டு இறங்கியது.

செண்பகம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ" என்றாள், "எதுக்குங்க இதெல்லாம்?"

இன்னொரு அலை வந்தது. இந்தத் தடவை அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.